கோட்டையிலிருந்து கோட்டைக்கு: செங்கற்பட்டு வட்டாரத்தில் ஒரு மிதிவண்டி வலம்

பிரான்சு நாட்டின் சிற்றூர்ப் புறங்களில் மிதிவண்டியேறி, ஊருக்கு ஊர் தேவாலயம் கண்டு, இடையில் ஒரு கோட்டையையும் பார்த்துவிட்டுப் புறப்பட்ட இடத்திற்கே திரும்பும் வழக்கம் உண்டு. நம் வட்டாரத்தில் அப்படியொரு வலம் வர இயலுமா என்ற வினா நம் இலக்கிய வட்டக் கூட்டமொன்றில் எழுந்தது. இயலும். செங்கற்பட்டுக் கோட்டையில் தொடங்கித் திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், கோவளம், திருப்போரூர் வழியாக மீண்டும் செங்கற்பட்டை அடைந்தால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கோட்டைகள் மூன்று, குடைவரைகளும் கோயில்களும் பல, கடலோரத்தில் ஒரு தேவாலயமும் ஒரு தர்காவும். பிரெஞ்சுக்காரர்களையும் வழியில் சந்திக்கலாம், வரலாற்றில் மட்டும்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள், அரசு வழங்கிய மிதிவண்டியில் வந்தாள். நான் என் பழைய வண்டியின் சங்கிலியையும் பிரேக்கையும் சரிபார்த்துக்கொண்டு புறப்பட்டேன். இளைஞர் ஒரே நாளில் முடித்துவிடுவர். நாற்பதைக் கடந்த எனக்கு இரண்டு நாள் தேவைப்பட்டது. இரவு மாமல்லபுரத்தில் உறவினர் வீட்டில் தங்கினோம்.

செங்கழுநீர்ப்பட்டு என்பதே செங்கற்பட்டு ஆயிற்று என்பர். கொளவாய் ஏரியின் கரையில் விசயநகர அரசர் காலத்தில் எழுந்த அதன் கோட்டையை ஊடறுத்துக்கொண்டு இன்று இருப்புப்பாதை செல்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கோட்டைக்குள் நுழைந்து வெளியேறுகின்றனர். அவர்களுள் அதனை அறிந்தோர் சிலரே. இக்கோட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதை வலத்தின் இறுதிக்கு ஒத்திவைக்கிறேன்.

திருக்கழுக்குன்றம் பதினான்கு கிலோமீட்டர். மூவராலும் மாணிக்கவாசகராலும் பாடப்பெற்ற தலம். உச்சிவேளையில் அமுதுண்ண வந்த கழுகுகள் 1990களின் இறுதியிலிருந்து வருவதில்லை. நான் காட்ட விரும்பியது வேறொன்று. மலைச்சரிவில் ஒருகல் மண்டபம் என்னும் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் குடைவரை இருக்கிறது. அதில் டச்சுக்காரர் சிலர் தம் பெயர்களையும் ஆண்டுகளையும் செதுக்கிவிட்டுப் போயிருக்கின்றனர். பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்துப் பண்டகசாலையிலிருந்து மலை பார்க்க வந்தவர்கள் அவர்கள். இன்று சுவரில் பெயர் கீறும் சுற்றுலாப் பயணிகளைக் கடிந்துகொள்கிறோம். முந்நூறு ஆண்டு கடந்தால் அதுவே கல்வெட்டாகிவிடுகிறது!

அதே நூற்றாண்டில் இம்மலையைப் பாடியவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார். பொன்விளைந்த களத்தூரோடு பெயர் இணைந்தவர், கண்பார்வை இல்லாதவர். திருக்கழுக்குன்றத்துக்குப் புராணமும் உலாவும் பாடினார். ஒரே மலைக்கு ஒரே நூற்றாண்டில் இரு வகையினர் வந்திருக்கின்றனர். பார்வையற்ற புலவர் மலையைப் பாடினார். பார்க்க வந்த வணிகர் தம் பெயரை எழுதினர். நம் இலக்கிய வரலாற்று நூல்கள் முன்னவரை மட்டும் சொல்கின்றன, தொல்லியல் அறிக்கைகள் பின்னவரை மட்டும் சொல்கின்றன. இருவரையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பேசியாரை நான் கண்டதில்லை.

அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சென்றால் சதுரங்கப்பட்டினம். சம்புவராயர் காலத்தில் மன்னன் பெயரால் இராசநாராயணன் பட்டினம் என வழங்கிய ஊர். சதுரவாசகன் பட்டினம் என்பதும் பழம்பெயரே. அயலார் நாவில் அது சட்ராஸ் ஆயிற்று. டச்சுக்காரரின் செங்கற் கோட்டையில் தானியக் கிடங்குகளும், குலச் சின்னங்களும் நுண்ணிய எழுத்துகளும் பொறித்த கல்லறைக் கற்களும் எஞ்சியுள்ளன. கோட்டை என்கிறோமே தவிர, உண்மையில் அது துணிக்கிடங்கு. இவ்வட்டார நெசவாளர் நெய்த மெல்லிய துணிகள் இங்கே மூட்டை கட்டப்பெற்றுக் கப்பலேறின. கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்குவதற்குச் சோழமண்டலக் கரையின் துணியே விலையாயிற்று. காசைக் காட்டிலும் துணிக்கு அங்கே மதிப்பு மிகுதி.

1754 சனவரியில் இவ்வூரில்தான் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேசக் கூடினர். இருவருக்கும் பொதுவான இடம் டச்சுக்காரரின் ஊர் என்பதே காரணம். ஆர்க்காட்டு நவாபு யார் என்பதில் உடன்பாடு எட்டாமல் பேச்சு முறிந்தது. அவ்வாண்டே தியூப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பெற்றார். 1782 பிப்ரவரி 17 அன்று இவ்வூருக்கு நேரே கடலில் சுஃப்ரானின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூசின் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. அதற்கு முந்தைய ஆண்டே கோட்டை ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. 1818இல் டச்சுக்காரருக்குத் திரும்பி, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் நிலையாக ஆங்கிலேயரிடம் சேர்ந்தது.

கல்லறைக் கற்களின் முன் நெடுநேரம் நின்றோம். மாண்ட வணிகர், அவர்தம் மனைவியர், குழந்தைகள் ஆகியோரின் பெயர், வயது, நாள் யாவும் எழுதப்பெற்றுள்ளன. வெளியே வந்ததும் அண்ணன் மகள் கேட்டாள்: "துணி நெஞ்சவங்க பேரு எங்கயாச்சும் இருக்கா அத்தை?" அப்போது என்னிடம் விடை இல்லை.

மாமல்லபுரத்தைப் பற்றி எழுதாதார் இல்லை. நான் கடந்து செல்கிறேன். மறுநாட் காலையில் சாளுவன்குப்பத்தில் மட்டும் இறங்கினோம். 2004 திசம்பர் ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்ற பின், அகழ்வாய்வில் செங்கல்லாலான முருகன் கோயிலொன்று வெளிப்பட்டது. பல்லவருக்கும் முற்பட்ட அடித்தளம் அது என்பர்.

கோவளத்தில் தேவாலயத்தின் நிழல் இதமாக இருந்தது. கார்மேல் அன்னை ஆலயம். ஜான் டி மாண்டி என்ற போர்த்துக்கீசிய வணிகர் 1808இல் எழுப்பியது. அவரது கல்லறையும் அங்கேயே உள்ளது. சற்றுத் தொலைவில் தமீம் அன்சாரி தர்கா. கோட்டையோ இருந்த இடத்தில் இல்லை; அங்கே இப்போது ஒரு நட்சத்திர விடுதி. நவாபு சாதத்துல்லா கான் பெயரால் சாதத் பந்தர் எனப்பெற்ற இத்துறைமுகத்தில், ஆஸ்டெண்டு நகர வணிகர்களும் சில ஆண்டுகள் கடை விரித்திருந்தனர்.

1750இல் பிரெஞ்சுக்காரர் இக்கோட்டையைக் கைப்பற்றினர். 1752இல் இராபர்ட்டு கிளைவு புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுடன் இதன்மீது படையெடுத்தார். கோட்டையிலிருந்து வந்த முதற் குண்டுக்கு ஒருவன் வீழ, மற்றவர் ஓடினர். அஞ்சியோடிய ஒருவன் பல மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டெடுக்கப்பெற்றானாம். அவர்களைத் திரட்டி நிறுத்திக் கிளைவு கோட்டையைக் கொண்டார். கோட்டை வீழ்ந்தது அறியாமல் செங்கற்பட்டிலிருந்து உதவிக்கு வந்த படை, வழியில் மறைந்திருந்தோரிடம் சிக்கியது. உடனே செங்கற்பட்டு முற்றுகை. பிரெஞ்சுத் தளபதி தகுந்த மரியாதையுடன் வெளியேற இசைவு பெற்றுக் கோட்டையை ஒப்படைத்தார். கோவளம் கோட்டை தகர்க்கப்பெற்றது. இதனை வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கேளம்பாக்கத்தில் தேநீர் குடிக்கும்போது அண்ணன் மகள் சொன்னாள்: "நாமளே ஒரு நாள்ல போற தூரத்துக்கா அத்தை இத்தனை சண்டை?"

சிரிப்பு வந்தாலும் அவள் சொன்னது சரியான கேள்வி என்றே எண்ணுகிறேன். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடந்த போர் என்று பாடநூலில் படிக்கும்போது அது பெருநிலப் போர் எனத் தோன்றும். மிதித்துப் பார்த்தால் தெரிகிறது: போர் நடந்தது ஏரிகளுக்கும் வயல்களுக்கும் தறிவீடுகளுக்கும் நடுவே. 1780 செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் ஐதர் அலி பெய்லியின் படையை அழித்தபோது, காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்கே பின்வாங்கினார். படைகளின் போக்குவரவில் ஊர்கள் என்ன ஆயின என்பதைத் தளபதிகளின் குறிப்புகள் ஓரிரு வரியில் முடித்துவிடுகின்றன.

திருப்போரூர்க் கந்தசாமி கோயிலில் சிறிது நேரம் தங்கினோம். பதினேழாம் நூற்றாண்டில் சிதம்பர சுவாமிகள் எடுப்பித்த கோயில். அவர் பாடிய 'திருப்போரூர்ச் சந்நிதி முறை' நம்மிற் பலருக்கும் மனப்பாடம். அங்கிருந்து மேற்கே செல்லும் பாதையில்தான், சதுரங்கப்பட்டினத்தில் எழுந்த வினாவுக்கு ஒரு விடை இருந்தது.

1763இல் செங்கற்பட்டுச் சீமையை நவாபிடமிருந்து கம்பெனி ஜாகீராகப் பெற்றது. 1767 முதல் 1774 வரை தாமசு பார்னார்டு அதனை அளந்தார். அளவைக்காக ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் விவரம் திரட்டப்பெற்றது. ஊர்க்கணக்கர் அதனை ஓலையில் தமிழில் எழுதினர். எந்தத் தொழிலோர் எத்தனை வீட்டார், ஏரி எத்தனை, நன்செய் புன்செய் எவ்வளவு, விளைச்சலில் கோயிலுக்கும் கணக்கருக்கும் கொல்லருக்கும் எவ்வளவு பங்கு என்றெல்லாம் அவை பேசுகின்றன. தரம்பால் இவற்றின்பால் கவனத்தை ஈர்த்தார். தொடர்ந்து சில ஊர்களின் கணக்குகள் அச்சேறின. சுவடிகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. நெசவாளரும் இவ்வோலைகளில் ஒரு வீட்டாராக, ஒரு பங்காளராக எழுதப்பெற்றிருக்கின்றனர். பொருளியலாரும் வரலாற்றாரும் படித்த அளவிற்குக்கூட, சுவடி படிக்கக் கற்ற தமிழாசிரியர்களாகிய நாம் இவற்றைத் தொடவில்லை. சிற்றிலக்கிய ஏடு கிடைத்தால் பதிப்பிக்க ஓடுகிறோம். கணக்கு ஏடு என்றால் இலக்கியம் அன்று என ஒதுக்குகிறோம். முனைவர் பட்டத்துக்காகச் சுவடி படித்த நாட்களில் நானும் அப்படித்தான் ஒதுக்கினேன்.

அண்ணன் மகள் வண்டியை நிறுத்தி நிறுத்தி வழிகாட்டிப் பலகைகளைப் பார்த்துப் பள்ளிக் குறிப்பேட்டில் ஊர்ப்பெயர்களை எழுதிக்கொண்டாள்: செம்பாக்கம், கொட்டமேடு, சம்பந்தர் திருவிடைச்சுரம் எனப் பாடிய திருவடிசூலம். கொளவாய் ஏரியில் பொழுது சாயும்போது பட்டியலில் பதினேழு பெயர் சேர்ந்திருந்தது. கோட்டைக்குள் மின்தொடர்வண்டி ஒன்று நுழைந்துகொண்டிருந்தது. கோடை விடுமுறையில் அப்பட்டியலோடு இருவரும் தஞ்சாவூர் செல்வதாக இருக்கிறோம்.