சக்கரவர்த்தியின் வாசனை

ஓடிகொலோன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது காய்ச்சல்தான். ஒரு காலத்தில் ஜுரம் கண்ட குழந்தையின் நெற்றியில் அதை நனைத்த துணியைப் போடாத வீடு குறைவு. அலமாரியின் மேல்தட்டில் சின்னக் குப்பி ஒன்று விருந்தாளியைப் போல மரியாதையாக உட்கார்ந்திருக்கும். அதைச் சொட்டுச் சொட்டாகத்தான் செலவழிப்பார்கள்.

அந்தத் திரவத்தைக் குப்பி குப்பியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்ட மனிதர் ஒருவர் சரித்திரத்தில் உண்டு. அவர்தான் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி நெப்போலியன்.

வாசனையைக் கொண்டு ஆளை எடை போடுவது மனித சுபாவம். ஜவ்வாது மணந்தால் பெரிய மனிதர் என்று ஒதுங்கி வழிவிடுகிறோம். ஆண்களுக்கு வாசனை விற்கிறவர்களும் இந்தப் பலவீனத்தை நன்றாக அறிந்திருக்கிறார்கள். 'இதைப் பூசிக்கொள், நீ சிங்கம்' என்று சொல்லாமல் சொல்கிறார்கள். அப்படியானால் ஐரோப்பாவையே நடுங்க வைத்த சிங்கம் எதைப் பூசியிருக்க வேண்டும்? கஸ்தூரி, அம்பர் என்று பத்தடிக்கு முன்னாலேயே கட்டியம் கூறும் வாசனை எதையாவது அல்லவா? நெப்போலியன் விரும்பியதோ எலுமிச்சையும் நாரத்தையும் மணக்கிற மெல்லிய தண்ணீர். இந்த முரண்பாடு என்னை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்தத் தண்ணீரின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் உள்ள கொலோன் நகரத்தில் 1709-இல் ஃபரீனா குடும்பத்தார் ஒரு கடை தொடங்கினார்கள். அவர்கள் இத்தாலியின் வடகோடி மலைப் பிரதேசத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் 1685-இல் பிறந்த யோஹான் மரியா ஃபரீனாவுக்கு அபாரமான மூக்கு. பெர்கமாட் என்ற ஒரு வகை நாரத்தை, எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் சத்துக்களைச் சாராயத்தில் கலந்து அவர் ஒரு நறுமண நீரைத் தயாரித்தார். மழை ஓய்ந்த ஒரு வசந்தகாலக் காலை வேளையை, தம் சொந்த நாட்டுக் காலை வேளையை, அந்த வாசனை நினைவூட்டுகிறது என்று சகோதரருக்கு எழுதினார். பெயர் மட்டும் வாழ வந்த ஊரின் பெயர்: கொலோன் தண்ணீர். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். இங்கே நாராக இருந்து மணம் பெற்றது ஒரு நகரமே!

1794-இல் பிரெஞ்சுச் சேனை கொலோனைக் கைப்பற்றியது. ஊருக்குள் புகுந்த சிப்பாய்கள் இந்த வாசனைக்கு வசப்பட்டார்கள். போரில் ஜெயித்தவர்களைத் தோற்ற ஊர் ஒரு குப்பியால் ஜெயித்துவிட்டது என்று சொல்லலாம்.

நெப்போலியனுடைய அந்தரங்கச் சேவகர் கான்ஸ்டன்ட் தம் நினைவுக் குறிப்புகளில் சக்கரவர்த்தியின் காலைப்பொழுதை விவரித்திருக்கிறார். முதலில் நெடுநேரம் வெந்நீர்த் தொட்டியில் கிடப்பார். பக்கத்தில் ஒருவர் பத்திரிகைகளையும் தபால்களையும் படித்துக்காட்ட வேண்டும். பிறகு கொலோன் நீரை ஊற்றி, தூரிகையால் உடம்பைப் பரபரவென்று தேய்ப்பார்கள். மாதம் அறுபது குப்பி செலவானது என்று ஒரு கணக்கு வழங்கி வருகிறது. கணக்கில் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் இது பூச்சு அல்ல, அபிஷேகம்! போர்முனைக்குப் போகும்போது காலணிக்குள் செருகிக்கொள்ள ஒல்லியான நீளக் குப்பி வைத்திருந்தார் என்றும் சொல்வார்கள்.

சக்கரவர்த்தினி ஜோஸபின் இதற்கு நேர் எதிர். மார்ட்டினிக் தீவில் பிறந்து வளர்ந்த அவளுக்குக் கஸ்தூரி என்றால் உயிர். நெப்போலியனுக்குக் கனத்த வாசனை ஆகாது. 1809-இல் அந்த மண வாழ்க்கை சட்டப்படி முறிந்தது. 1814-இல் அவள் மால்மேசோன் மாளிகையில் கண்ணை மூடினாள். அதற்குப் பிறகும் நெடுங்காலம் அவளுடைய அறையில் கஸ்தூரி மணத்தது என்று ஒரு கதை உண்டு. அது கதையாகவே இருக்கட்டும். கஸ்தூரி நின்று மணக்கும், எலுமிச்சை நில்லாமல் பறக்கும் என்பது மட்டும் வாஸ்தவம். ஒரு மணி நேரத்தில் கற்பூரமாய்க் கரைந்துவிடும் வாசனையைத்தான் சக்கரவர்த்தி நாள்தோறும் ஊற்றி ஊற்றிப் பிடித்து வைக்கப் பார்த்தார்.

அவருடைய சட்டத்தினாலேயே கொலோன் நீருக்கு ஒரு மறுபிறவியும் கிடைத்தது. அதுவரை அதை மருந்து என்று சொல்லிக் குடித்தவர்களும் உண்டு. ரகசிய மருந்துகளின் சேர்மானத்தை அரசாங்கத்துக்கு வெளிப்படுத்த வேண்டும் என்று 1810-இல் நெப்போலியன் ஆணை பிறப்பித்தார். வியாபாரிகள் ரகசியத்தை விடுவார்களா? "ஐயா, இது மருந்தே அல்ல, வெறும் வாசனைதான்" என்று கையை விரித்துவிட்டார்கள்.

இனி என்னை உறுத்திய கேள்விக்கு வருகிறேன். சுத்தத்தில் ஆசை, வெயிலில் குளிர்ச்சி என்று காரணங்கள் சொல்லலாம். அந்தக் காலத்துக் கனவான்கள் பலரும் அதைப் பூசினார்கள் என்றும் சொல்லலாம். எல்லாம் சரிதான். ஆனால் இத்தனை தாகம் எதற்கு?

நெப்போலியன் 1769-இல் பிறந்தது மத்தியதரைக் கடலில் உள்ள கார்ஸிகாத் தீவில். எலுமிச்சையும் ஆரஞ்சும் காய்த்து, ரோஸ்மேரிப் புதர்கள் வெயிலில் மணக்கும் பூமி அது. ஒன்பது வயதில் அவரைப் பள்ளிக்கூடத்துக்கென்று கடல் கடந்து பிரான்சுக்கு அனுப்பினார்கள். பிற்காலத்தில், கண்ணை மூடிக்கொண்டாலும் மண்ணின் வாசனையைக் கொண்டே கார்ஸிகாவை அடையாளம் கண்டுகொள்வேன் என்று அவர் சொன்னதை லாஸ் காஸ் குறித்து வைத்திருக்கிறார். ஊரை விட்டு வந்த ஓர் இத்தாலியர் ஊர் நினைவாகச் செய்த வாசனை, ஊரை விட்டு வந்த இன்னொருவரின் தலையில் தினமும் வழிந்திருக்கிறது! சரித்திர ஆசிரியர்கள் இப்படி ஊகம் செய்யத் தயங்குவார்கள். கதை எழுதுகிறவனுக்கு அந்தத் தயக்கம் கிடையாது.

1815-இல் வாட்டர்லூவில் எல்லாம் முடிந்தது. ஆங்கிலேயர்கள் அவரை அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே செயின்ட் ஹெலினாத் தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். லாங்வுட் என்ற அந்த வீட்டில் ஈரமும் பூஞ்சணமும் எலிகளும்தான் பரிவாரம். ராஜ்யம் போயிற்று, மகனை மீண்டும் பார்க்கும் நம்பிக்கையும் போயிற்று. கொலோன் நீரும் தீர்ந்தது. அலி என்று அழைக்கப்பட்ட சேவகர் செயின்ட் தெனி சும்மா இருக்கவில்லை. கிடைத்த சரக்கைக் கொண்டு அங்கேயே ஒரு கொலோன் நீரைக் கூட்டிக் கொடுத்தார். ஊதியத்துக்காக மட்டும் ஒருவர் இதைச் செய்வாரா? எஜமானுக்கு எது இல்லாவிட்டால் பொழுது விடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1821 மே 5-ஆம் தேதி நெப்போலியன் மறைந்தார். அலியின் செய்முறை மறையவில்லை. பிரான்சில் வெர்செய்ல்ஸ் நகரத்தில் 1990-இல் தொடங்கிய ஒஸ்மொதேக் என்னும் வாசனைக் காப்பகத்தார், அதைக் கொண்டு அந்த நீரை மறுபடியும் தயாரித்திருக்கிறார்கள். வெர்செய்ல்ஸ்தான் அலி பிறந்த ஊர் என்பது ஒரு விசேஷம். அந்தக் குப்பியைத் திறந்தால் பீரங்கிப் புகை நாறாது. மகுடத்தின் கர்வமும் வீசாது. எலுமிச்சை மணம் எழுந்து, சற்றுநேரம் நின்று, போய்விடும்.