கஞ்சிக் கலயமும் பெருங்குடலும்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தின் பழைய சாப்பாட்டில் பெரும்பகுதி ஆக்கிய அன்றைக்கே உண்டு தீர்க்கப்பட்டதல்ல. இரவில் ஆக்கிய கம்மஞ்சோறு உருண்டை உருண்டையாகத் தண்ணீரில் கிடக்கும். நெல்லுச்சோறு ஆக்கிய வீட்டில் மிச்சச் சோறு நீர் ஊற்றிய பானையில் இருக்கும். விடிந்ததும் அதுதான் கஞ்சி. காட்டு வேலைக்குப் போகிறவர்களின் தூக்குவாளியிலும் அதுதான். மேற்கே மலையடிவாரத்தில் கண்மாய்ப் பாசன நெல், கிழக்கே கரிசலில் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி என்று நிலம் பிரிந்து கிடந்தது. அதனால் கரிசல் கிராமங்களில் அரிசி நெடுங்காலம் பண்டிகைச் சோறாகவே இருந்தது. இந்த வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, பிறகு ராமநாதபுரத்தில், 1985 முதல் விருதுநகரில். மாவட்டம் மாறினாலும் மழை மாறவில்லை. தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்ள, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் மானாவாரி வெள்ளாமை.

கம்பு சமைப்பது லேசான வேலையல்ல. நீர் தெளித்து உரலில் குத்தி, உமி போகப் புடைத்து, மறுபடி இடித்து, குருணையும் மாவுமாகப் பிரித்து உலையில் போட வேண்டும். பகலெல்லாம் களை எடுத்துவிட்டு வந்த பெண்கள் பொழுது சாய்ந்த பிறகு இதைச் செய்தார்கள். விறகும் சுலபத்தில் கிடைப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு முறை அடுப்பு மூட்டுவதே பல வீடுகளில் வழக்கம். பழையதைக் குடித்தது முன்னோரின் மருத்துவ ஞானம் என்று இப்போது மேடைதோறும் சொல்கிறார்கள். வேலைப் பளுவும் விறகுத் தட்டுப்பாடும் ஏற்படுத்திய பழக்கம் என்பதே பொருத்தம். நன்மை பின்னால்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

அந்த நன்மை மாவுச்சத்தின் குணத்தில் இருக்கிறது. வேகும்போது மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிக் குழைகின்றன. ஆறும்போது அதிலுள்ள அமைலோஸ் இழைகள் மறுபடி நெருங்கி இறுகுகின்றன. இறுகிய பகுதியை எச்சிலிலும் கணையநீரிலும் உள்ள நொதிகளால் உடைக்க முடியாது. அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. இங்கிலாந்தில் ஹான்ஸ் இங்லிஸ்ட், ஜான் கம்மிங்ஸ் ஆகியோர் 1982-இல் இதைத் தனியே அடையாளம் கண்டு, செரிமானத்தை எதிர்க்கும் மாவுச்சத்து என்று பெயரிட்டார்கள். 2015-இல் வெளியான ஓர் இந்தோனேசிய ஆய்வு, சுடச்சுட உள்ள வெள்ளை அரிசிச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமும், அறை வெப்பத்தில் 10 மணி நேரம் ஆறிய சோற்றில் 1.30 கிராமும் இவ்வகை மாவுச்சத்து இருந்ததாகக் கணக்கிட்டது. இரட்டிப்பு என்றாலும் சிறிய அளவுதான். கம்பங்குருணையில் இன்னொரு வழியும் உண்டு: கரகரப்பாக உடைந்த தானியத்தின் உள்ளே இருக்கும் மாவை நொதி எட்டுவதில்லை. தவிட்டு நார் வேறு கூடவே போகிறது.

பெருங்குடலில் இவற்றுக்காகக் காத்திருப்பவை பாக்டீரியாக்கள். ரூமினோகாக்கஸ் புரோமியை என்ற இனம் இறுகிய மாவை முதலில் அறுக்கிறது. அது சிந்தும் சர்க்கரையை மற்றவை உண்கின்றன. பிஃபிடோபாக்டீரியம் அசிட்டிக் அமிலத்தையும் லாக்டிக் அமிலத்தையும் வெளியிட, அவற்றை வேறு இனங்கள் பியூட்டிரிக் அமிலமாக மாற்றுகின்றன. குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள் இந்தப் பியூட்டிரிக் அமிலம்தான். அமிலம் கூடும்போது, அதைத் தாங்காத நோய்க்கிருமிகள் பெருகத் தடையும் ஏற்படுகிறது. பிஃபிடோபாக்டீரியத்தைப் பாரிஸில் ஹென்ரி திஸ்ஸியே தாய்ப்பால் குடித்த குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்தெடுத்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். பாக்டீரியாவை விழுங்குவதற்குப் பதில், உள்ளே இருப்பதற்கே தீனி போடலாம் என்ற கருத்துக்கு 1995-இல்தான் கிளென் கிப்சனும் மார்செல் ராபர்ஃப்ராய்டும் ‘ப்ரீபயாடிக்’ என்று பெயர் சூட்டினார்கள். நாம் செரிக்காத, குறிப்பிட்ட சில நல்ல பாக்டீரியாக்களை மட்டும் வளர்க்கிற பொருள் என்பது அவர்கள் வகுத்த இலக்கணம். செரிக்காத மாவுச்சத்து இதற்குள் முழுமையாக அடங்குமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடங்குவது கஞ்சிக்குக் கடித்துக்கொண்ட சின்ன வெங்காயம். அதிலும் பூண்டிலும் இருக்கிற ஃபிரக்டான்களைப் பிரிக்க மனிதக் குடலில் நொதியே இல்லை.

துவரை, மொச்சை, தட்டப்பயறு ஆகியவற்றில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளும் அப்படித்தான். பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்க வைக்கும்போது வாயு உண்டாகிறது. மொச்சைக் குழம்பில் பெருங்காயமும் பூண்டும் தாராளமாக விழுந்ததன் காரணம் ஊருக்கே தெரியும். பூண்டு வாயுவைத் தணிக்கும் என்று போடப்பட்டாலும், அதுவும் அதே பாக்டீரியாக்களுக்கு இரைதான் என்பது ஒரு வேடிக்கை.

செரிக்காத மாவுச்சத்தை மருந்தாகவே சோதித்த ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகள் 48 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல், இன்னொன்றுக்கு அதில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு, மூன்றாவதற்கு அதே அளவு செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்து. மூன்றாம் பிரிவில் மலத்தோடு போகும் நீர் குறைந்தது, பேதியும் விரைவில் நின்றது. பாக்டீரியாக்கள் அந்த மாவிலிருந்து உண்டாக்கிய அமிலங்கள், பெருங்குடல் சோடியத்தையும் அதனுடன் நீரையும் திரும்ப உறிஞ்சத் தூண்டுகின்றன என்பதே ஆய்வின் அடிப்படை. 2000-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதை வெளியிட்டது.

ஆய்வுகள் இப்படி வளர்ந்த அதே நூற்றாண்டில் வட்டாரத்தின் கலயம் மாறிவிட்டது. இயந்திர அரிசி ஆலைகள் தவிட்டை உரித்தெடுத்தன. 1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசிக்காகப் பிரசாரம் செய்தும் உரல் பிழைக்கவில்லை. 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார்; நூற்பு ஆலைகள் பெருக, மாதச் சம்பளமும் ஷிப்டு வேலையும் வந்தன. கூலியாகத் தானியம் அளந்த காலம் தேய, கடையில் வாங்கும் அரிசி வீட்டுக்குள் நுழைந்தது.  பின்னாளில் ரேஷன் கடை, கரிசல் காட்டுக் குடிசைக்கும் தினசரி அரிசிச் சோற்றைக் கொண்டுவந்தது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 முதல் இலவசம். பசி நீங்கியது பெரிய விஷயம். ஆனால் கம்பு விதைத்த புஞ்சைகளில் கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம் ஏறிவிட்டது.

வட்டாரத்தின் பேரைச் சொல்லும் பால்கோவாவுக்கும் குடல் பாக்டீரியாக்களுக்குத் தீனி போடுவதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த இனிப்பு, பாலை விறகடுப்பில் சுண்டக் காய்ச்சிச் செய்யப்படுவது. பால் நெடுநேரம் கொதிக்கும்போது அதிலுள்ள லாக்டோஸில் கொஞ்சம் லாக்டுலோஸாக மாறுகிறது. பிஃபிடோபாக்டீரியத்தை வளர்க்கும் பொருள் என்று லாக்டுலோஸ் 1950-களிலேயே அறியப்பட்டது. இன்று மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் கிடைக்கிறது. ஆனால் கோவாவில் கொட்டும் சீனியின் முன்னால் அந்தத் துளி லாக்டுலோஸைக் காரணம் காட்டி யாரும் கால் கிலோ வாங்க வேண்டியதில்லை.

இப்போது மிச்சச் சோறு குளிர்பதனப் பெட்டிக்குப் போகிறது. 4 டிகிரியில் மாவு, பானையில் கிடப்பதைவிட நன்றாகவே இறுகுகிறது. சூடாக்கிச் சாப்பிட்டாலும் இறுகியது முழுவதும் அவிழ்ந்துவிடுவதில்லை. தானே புளித்து உண்டாகும் லாக்டிக் அமிலம்தான் அங்கே குறைவு. கம்பங்கூழ் தள்ளுவண்டிக்கு வந்திருக்கிறது, பெரும்பாலும் கோடையில். தீனி மாறினால் குடல் பாக்டீரியாக்களின் விகிதம் சில நாட்களிலேயே மாறும், நிறுத்தினால் அதே வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். வெயிலுக்காக எப்போதாவது குடிக்கும் ஒரு சொம்புக் கூழுக்கும், வருஷம் முழுக்கக் கஞ்சியும் பயறுமாக ஓடிய பழைய சாப்பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதில் இருக்கிறது.