‘அந்த டீமுக்குப் பதிலா எந்த டீம்?’ - ப்ரெடிக்‌ஷன் மார்க்கெட் சதவிகிதத்தை நம்பலாமா பாஸ்?

ஏதோ ஒரு நாடு கால்பந்து உலகக் கோப்பையில் ஆடாது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். அடுத்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து விழும். பதில் டீமாக வர இந்த நாட்டுக்கு 34%, அந்த நாட்டுக்கு 12% என்று கலர் கலராக ஒரு கிராஃப். கூடவே, ‘மாப்ள, 34% சான்ஸாம்டா!’ என்று ஒரு கமென்ட். பாலிமார்க்கெட், கல்ஷி மாதிரி ப்ரெடிக்‌ஷன் மார்க்கெட் தளங்களில் இருந்து வருகிற நம்பர்கள் இவை.

பிரான்ஸ் மேட்ச் என்றால் நீல ஜெர்சி மாட்டிக்கொள்ளும் ஊர் நம்ம புதுச்சேரி. பதில் டீம் கதை இந்த ஊருக்குப் புதுசும் இல்லை.

1950. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-ல்தான். அந்த வருட உலகக் கோப்பை பிரேசிலில். தகுதிச்சுற்றில் யூகோஸ்லாவியாவிடம் தோற்று பிரான்ஸ் வெளியே போயிருந்தது. சில நாடுகள் விலகியதால் இடம் காலியாக, ‘நீங்க வாங்க’ என்று பிரான்ஸைக் கூப்பிட்டார்கள். முதலில் சரி என்றது பிரான்ஸ். பிறகு அட்டவணையைப் பார்த்தது. ஒரு மேட்ச் தெற்கே போர்ட்டோ அலெக்ரேயில், இன்னொன்று வடக்கே ரெசிஃபேயில். நடுவில் கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர். ஆளை விடுங்க சாமி என்று விலகிவிட்டது.

இந்தியா? பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகியதால் ஒரு மேட்ச்கூட ஆடாமலேயே தகுதி பெற்றது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த குரூப்பில் இடமும் கிடைத்தது. கடைசியில் நாமும் போகவில்லை. ‘வெறுங்காலோடு ஆடக் கூடாதுன்னு ஃபிஃபா சொன்னதால்தான்’ என்ற கதை இன்றும் ஓடுகிறது. ஆனால், கால்பந்துச் சம்மேளனம் அன்று சொன்ன காரணங்கள் வேறு: டீம் தேர்வில் தகராறு, பயிற்சிக்கு நேரமில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இதே பிரான்ஸிடம் 1-2 என்று போராடித் தோற்ற நாடு நாம். அன்று நமக்காக கோல் அடித்தவர் சாரங்கபாணி ராமன்.

ஆக, 1950-ல் புதுச்சேரி ரசிகருக்கு ரெண்டு கொடியும் களத்தில் இல்லை. முக்கியமான விஷயம் இதுதான்: ரெண்டு பேருக்கும் பதிலாக யாரும் வரவில்லை. 16 டீம் ஆட வேண்டிய போட்டியை 13 டீமோடு நடத்தி முடித்தார்கள். பிரான்ஸ் இல்லாத குரூப்பில் மிச்சம் ரெண்டே டீம். பொலிவியாவை 8-0 என்று அடித்துவிட்டு ஒரே மேட்ச்சில் அடுத்த சுற்றுக்குப் போன உருகுவேதான் அந்த வருட சாம்பியன்!

சரி, அந்த 34% எங்கிருந்து வருது? எந்த நிபுணரும் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை அது. ஒரு கேள்விக்கு ‘யெஸ்’, ‘நோ’ என்று ரெண்டு பங்கு. நடந்தால் யெஸ் பங்குக்கு 1 டாலர், நடக்காவிட்டால் பூஜ்ஜியம். அந்த யெஸ் பங்கு இப்போது 12 சென்ட்டுக்கு கைமாறுகிறது என்றால், ஸ்கிரீனில் 12% என்று காட்டும். 100 பங்கு வாங்க 12 டாலர். நடந்தால் 100 டாலர், இல்லையென்றால் போச்சு. எதிரே வாங்குவதும் விற்பதும் உங்களை மாதிரி இன்னொரு ஆள்தான்.

தேர்தல் மாதிரி லட்சக்கணக்கானவர்கள் முடிவு செய்கிற விஷயத்தில் இந்த விலைக்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு. பதில் டீம் விஷயம் அப்படியில்லை. 2026 உலகக் கோப்பை விதிமுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாடு விலகினால் என்ன செய்வது என்பதை ஃபிஃபா தன் விருப்பப்படி முடிவு செய்யும், வேறு டீமைச் சேர்க்கலாம், அவ்வளவுதான். அடுத்த இடத்தில் இருப்பவருக்குத்தான் என்ற உத்தரவாதமெல்லாம் கிடையாது. ஒரு ரூமுக்குள் சிலர் எடுக்கும் முடிவு. அது யாருக்கு முதலில் தெரியும்? நிச்சயமாக நமக்கில்லை. இன்ஸ்டாவில் கிராஃப் எகிறுவதை நாம் பார்க்கும்போது, விஷயம் தெரிந்தவர் ஏற்கெனவே வாங்கி முடித்திருப்பார். ஆள் குறைவான மார்க்கெட்டாக இருந்தால் இன்னும் மோசம். ஒருத்தர் கொஞ்சம் பெரிய தொகையை இறக்கினாலே சதவிகிதம் தாவும். அதை ‘பிரேக்கிங்’ என்று ஷேர் செய்வோம்.

லாஜிக் எப்போதாவது ஜெயிக்கும். 1992 யூரோவில் ஐ.நா. தடையால் யூகோஸ்லாவியா வெளியே போக, தகுதிச்சுற்றில் ஒரு பாயின்ட் பின்னால் இருந்த டென்மார்க் பத்து நாள் இடைவெளியில் உள்ளே வந்து, ஃபைனலில் ஜெர்மனியை 2-0 என்று ஜெயித்து கப்பையே தூக்கியது. எல்லோரும் சொல்லும் உதாரணம் இது. எனக்கென்னவோ 2025 கிளப் உலகக் கோப்பைதான் சரியான பாடமாகத் தெரிகிறது. மெக்சிகோவின் லியோன், பச்சூக்கா ரெண்டு கிளப்புக்கும் ஒரே முதலாளி என்பதால் லியோனை மார்ச்சில் ஃபிஃபா நீக்கியது. இடம் எங்களுக்குத்தான் வரணும் என்று கோர்ட் வரை போன கோஸ்டா ரிகாவின் அலகுவேலென்சேவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. லாஸ் ஏஞ்சலீஸ் எஃப்.சி.க்கும் மெக்சிகோவின் கிளப் அமெரிக்காவுக்கும் ஒரு பிளே-ஆஃப் மேட்ச் வைத்தார்கள். மே 31-ல் லாஸ் ஏஞ்சலீஸ் கூடுதல் நேரத்தில் 2-1 என்று ஜெயித்தது. வழக்குப் போட்டவருக்கே இடம் என்று நம்பி யெஸ் வாங்கியிருந்தால், பங்கின் மதிப்பு பூஜ்ஜியம்.

இனி நம்ம ஊர் சட்டம். 2025 ஆகஸ்ட்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்கிறது. புதுச்சேரியும் அதில் அடக்கம். நடத்துபவருக்கு 3 வருடம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 வருடம், 50 லட்சம் வரை போகும். ரீல்ஸ் போடும் நண்பர்கள் கவனிக்க! பணம் கட்டி ஆடியவருக்கு அதில் தண்டனை இல்லை. இதே ‘யெஸ், நோ’ மாடலில் இங்கே ஓடிய ப்ராபோ, இந்தச் சட்டம் வந்ததும் பணம் கட்டும் ஆட்டத்தை நிறுத்திவிட்டது.

‘நமக்குத்தான் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கே’ என்பவர்களுக்கும் வழியில்லை. பிரான்ஸின் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் விசாரிக்கத் தொடங்கியதும், 2024 நவம்பரில் பாலிமார்க்கெட் அங்குள்ளவர்களுக்குக் கதவைச் சாத்தியது. டிரம்ப் ஜெயிப்பார் என்று கோடிக்கணக்கான டாலர் கட்டிய ஒரு பிரெஞ்சுக்காரர்தான் அதற்குக் காரணம்.

வி.பி.என்., கிரிப்டோ என்று சுற்றி வளைத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி. நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்க முடியாது. முன்பின் தெரியாதவரிடம் நேரடியாக கிரிப்டோ வாங்கி, அது மோசடிப் பணம் என்று தெரியவந்தால் உங்கள் பேங்க் அக்கவுன்ட்டும் முடங்கலாம். பெரிய தளங்களின் பெயரில் டெலிகிராமில் சுற்றும் போலி லிங்க்குகள் தனிக் கதை. அப்படி எதிலாவது பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930-க்கு போன் அடியுங்கள்.