நிலா ஒளித்துவைத்த பிள்ளைகள்

பெம்பான் என்பது ஒரு செடியின் பெயர். ஈரத் தரையில் புதராக மண்டும். தண்டைக் கீறிக் கூடையும் பாயும் பின்னுவார்கள். தமிழராகிய நாம் மலாயாவுக்குப் பால்மரம் (ரப்பர்) சீவ வருவதற்கு வெகுகாலம் முன்பே, பெம்பான் வளரும் இந்தக் காடுகளை அறிந்திருந்தவர்கள் இம்மண்ணின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள். மலாக்காப் பக்கத்தில் வாழ்ந்தவர்களை அன்றைய நூல்கள் மந்திரா என்றன. இன்று தெமுவான் என்ற பெயருக்குள் அவர்களும் அடக்கம்.

1847இல் சிங்கப்பூரில் ஜே. ஆர். லோகன் தொடங்கிய ஆய்விதழின் முதல் தொகுதியிலேயே இவர்களுடைய கதை ஒன்று அச்சேறியது. சூரியனும் நிலாவும் பெண்கள். இருவருக்கும் நட்சத்திரப் பிள்ளைகள். இத்தனை வெளிச்சத்தை மனிதர் தாங்கமாட்டார்களே என்று, அவரவர் பிள்ளைகளை அவரவரே தின்றுவிடுவதாகப் பேசிக்கொண்டார்கள். சூரியன் தின்றாள். நிலாவோ ஒளித்துவைத்து, பிறகு வெளியே அழைத்து வந்தாள். ஏமாந்த தாய் அன்றிலிருந்து அவளைத் துரத்துகிறாள். எட்டிப் பிடித்துக் கடிக்கும்போது கிரகணம். ராகு கேது கதை கேட்டு வளர்ந்த எனக்கு இதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது.

அதே காலத்தில்தான் பாரிஸ் மறைபரப்புச் சபையின் ஃபாவ்ர், போரீ என்ற பாதிரியார்கள் இம்மக்களிடம் வந்தார்கள். பாத்தின் எனும் தலைவரையும், நோய் தீர்க்கும் போயாங்கையும் பற்றி எழுதிவைத்தார்கள். அந்த எழுத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால், நோயாளியின் தலைமாட்டில் போயாங் அமர்ந்த இடத்தில் பாதிரியார் அமர்ந்தபோது, மந்திரத்தோடு மூலிகை அறிவும் மலையின் பெயரும் சேர்ந்தே விலகின. மந்திரா மக்களின் சமயம் ஏட்டில் இல்லை. குன்றிலும் ஓடையிலும் பாட்டன் நட்ட டுரியான் மரத்திலும் இருந்தது. நாம் மாரியம்மனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தோம். அவர்களால் குன்றைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

ஆகவே ஞானஸ்நானத்தைவிடப் பெரிய மாற்றம் நிலம் கைமாறியதுதான் என்பேன். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். பிறகு காடு வரிசை வரிசையாகப் பால்மரமானது. கங்காணி அழைத்துவந்த நம் பாட்டன்மார், தாங்களும் வதைபட்டபடி, அந்தக் காட்டைத்தான் வெட்டினார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, ஆனாலும் நம் வரலாற்றை எழுதும் மலரில் இதையும் எழுதத்தான் வேண்டும்.

முன்னோரை வணங்கும் அரி மோயாங் நாளைத் தெமுவான் கிராமங்கள் இன்றும் கொண்டாடுகின்றன.