நீதி ஆசனத்தில் ஓர் ஆசிரியை



மேற்கு ஆபிரிக்க நாடான கானாவின் முதற் பெண் நீதிபதி அனி ஜியாகே, பாடசாலை ஆசிரியையாகவே தம் பணியைத் தொடங்கியவர். கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அவர் வரலாற்றில் ஈடுபாடு உண்டானதும் அதனாலேயே.

1918இல் லோமே நகரிற் பிறந்த அவர், அச்சிமோட்டாக் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின்னர் கேற்றா என்னும் கரையோர ஊரில் பெண்கள் பாடசாலையொன்றின் அதிபரானார். அப்பாடசாலையைக் கடலரிப்பு விழுங்கியது. அவர் மனம் சோரவில்லை. நாடகம் மேடையேற்றி நிதி திரட்டிப் புதிய கட்டடம் எழுப்பினார். அதன் பின்னரே சட்டம் பயில இலண்டன் சென்றார். சட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என அங்கு சிலர் புத்தி கூறினர். அவரோ 1950இல் பரிஸ்டராகி நாடு திரும்பினார்.

1953இல் நீதவான், 1961இல் மேல் நீதிமன்ற நீதிபதி. இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தில் முதன்முதலாக ஒரு பெண் நீதிபதியானது 1965இலேதான். சட்டம் கற்பித்த நாட்டைக் கற்ற நாடு நான்கு ஆண்டுகள் முந்திக்கொண்டது! பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1967இல் ஏற்ற பிரகடனத்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பெரும்பங்குண்டு. 1979இன் சர்வதேச சமவாயத்துக்கு அதுவே முன்னோடி.

1980இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைவரானார். அப்பதவியில் அவர் இருந்த காலத்திலேதான் அந்தக் கொடுமை நிகழ்ந்தது. 1982 ஜூன் 30ஆம் திகதி இரவு, ஊரடங்கு வேளையில், அக்ராவில் மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் கடத்திக் கொல்லப்பட்டனர். முன்னைய இராணுவ ஆட்சி சிறையிலிட்ட சிலரை விடுதலை செய்து தீர்ப்பளித்தவர்கள் அவர்கள். மூவருள் ஒருவர் செசீலியா கொராண்டெங் அடோ, கைக்குழந்தையின் தாய். அனி ஜியாகே திறந்த கதவின் வழியே வந்த பெண்ணுக்கு, ஆண் நீதிபதிகளுக்கு நேர்ந்த அதே முடிவு நேர்ந்தது.

அனி ஜியாகே 1983இல் ஓய்வுபெற்று 1996இல் மறைந்தார். 2007இல் ஜோர்ஜினா வூட் கானாவின் முதற் பெண் பிரதம நீதியரசரானார். கொலையுண்ட மூவரின் சிலைகள் அக்ராவின் உச்ச நீதிமன்ற முன்றிலில் நிற்கின்றன.

பெண்ணுக்கு ஆசனம் அளித்தல் சமத்துவத்தின் முதற்படி மட்டுமே என்பேன். அதில் அமர்ந்தவர், ஆணாயினும் பெண்ணாயினும், தீர்ப்பை எழுதிவிட்டு அன்றிரவு அச்சமின்றி உறங்க வேண்டும். அந்த நாட்டிலேதான் நீதி வாழ்கிறது.