ஆணையா, கோரிக்கையா? அமெரிக்கக் குடிவரவுத் தடுத்துவைப்புப் படிவத்தின் சட்ட வரலாறு

திறவுச்சொற்கள்: டிட்டெய்னர், 48 மணி நேரம், நான்காம் திருத்தம், பத்தாம் திருத்தம், பிணை

அமெரிக்க உள்ளூர்ச் சிறையொன்றில் இருப்பவரை நாடு கடத்தத்தக்கவர் எனக் குடிவரவு அதிகாரிகள் கருதினால், அவர் விடுதலையாகவேண்டிய நேரத்திற்குப் பின்னரும் 48 மணி நேரம் வரை வைத்திருக்குமாறு சிறைக்குப் படிவம் அனுப்புவர். 'டிட்டெய்னர்' எனப்படும் இதன் எண் ஐ-247. இச்சொல்லைத் தமிழாக்க முற்படுவோர் முதலில் ஒரு வினாவுக்கு விடை காணவேண்டும்: இது ஆணையா, கோரிக்கையா? அமெரிக்க நீதிமன்றங்களும் இதே வினாவில்தான் முட்டிக்கொண்டன.

1986ஆம் ஆண்டின் போதைப்பொருள் எதிர்ப்புச் சட்டம், குடிவரவுச் சட்டத்தின் 287ஆம் பிரிவில் இதற்கென ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. அது போதைப்பொருள் குற்றங்களில் கைதானோரை மட்டுமே குறித்தது. நடைமுறையோ துறைசார் விதிகளின் துணையால் அவ்வெல்லையைக் கடந்து பரவியது. அவ்விதியிலேயே முரண் உள்ளது. முற்பகுதி படிவத்தைக் கோரிக்கை என்கிறது. பிற்பகுதி, சிறை அவரைக் காவலில் வைத்திருக்க வேண்டும் எனக் கட்டளைத் தொனியில் பேசுகிறது. 2008இல் தொடங்கிய 'செக்யூர் கம்யூனிட்டீஸ்' திட்டத்தின்கீழ், சிறைகளில் பதிவாகும் கைரேகைகள் குடிவரவுத் தரவுகளோடு ஒப்பிடப்பட்டன. அதன்பின் இம்முரண் ஏட்டளவில் நிற்கவில்லை.

அதே 2008இல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் கைதான ஒருவர் பிணைத்தொகை செலுத்தப்பட்டும் வெளியே வர இயலவில்லை. அவர் நியூ ஜெர்சியில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். அவர்மீதான குற்றச்சாட்டும் பின்னர் மெய்ப்பிக்கப்படவில்லை. 48 மணி நேரக் கணக்கில் சனி, ஞாயிறு, விடுமுறை நாள்கள் சேரா என்பதால் வார இறுதி முழுவதும் சிறையிலேயே கழிந்தது. படிவத்திற்குக் கட்டுப்பட்டதாக லீஹை மாவட்டம் வாதிட்டது. 2014 மார்ச்சில் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. மாநில, உள்ளூர் அதிகாரிகளைக் கூட்டரசு ஏவல்கொள்வதைப் பத்தாம் திருத்தம் தடுப்பதால், படிவம் கோரிக்கை மட்டுமே என்றது. கோரிக்கையெனில் மறுக்கலாம், மறுக்கக்கூடியதை ஏற்றால் பொறுப்பும் ஏற்பவர்க்கே உரியது.

அடுத்த மாதமே ஆரிகன் மாநிலக் கிளாக்கமஸ் மாவட்ட வழக்கு அப்பொறுப்பை உறுதிசெய்தது. 500 டாலர் பிணையில் விடுதலையாகியிருக்கக்கூடிய பெண்ணொருவர் இரு வாரங்கள் சிறையில் இருந்தார். வழக்கு முடிந்தபின்னும் 19 மணி நேரம் வைக்கப்பட்டார். உரிய முகாந்திரமற்ற இக்காவல் நான்காம் திருத்தத்திற்கு முரணானது எனக் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆரிகனின் சிறைகள் பல படிவத்தை மதிப்பதை நிறுத்தியதற்குக் கருணையைவிட இழப்பீட்டு அச்சமே காரணம் எனலாம். 2017 ஜூலையில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் மேலும் ஓரடி சென்றது: விடுதலைக்குரியவரை நிறுத்திவைப்பது புதிய கைது, குடிவரவு சார்ந்த உரிமையியல் விவகாரத்தில் அத்தகைய கைதுக்கு மாநிலச் சட்டம் இடமளிக்கவில்லை.

குடிவரவுத் துறை 2017 ஏப்ரலில் ஐ-247ஏ படிவத்தைக் கொணர்ந்து, கைதாணையையும் உடன் இணைத்தது. அவ்வாணையில் கையொப்பமிடுபவர் நீதிபதியல்லர், குடிவரவு அதிகாரியே என்பது நோக்கத்தக்கது. ஆயினும் படிவத்தின் நகல் சிறைவாசியிடம் வழங்கப்பட்டால் மட்டுமே அது செயலுக்கு வரும். எதிர்கொள்ளும் வழிகள் இங்கிருந்தே பிறக்கின்றன: நகலைக் கேட்டுப் பெறுதல், விடுதலைக்குரிய நேரத்தைக் குறித்துவைத்தல், கெடு கடந்ததும் வழக்கறிஞர்வழி விடுதலை கோருதல், மறுப்பின் ஆட்கொணர்வு மனு. பிறந்த நாடு குறித்த கேள்விகளுக்கு மௌனம் காக்கும் உரிமையும் உண்டு. பிணை மட்டும் இருமுனைக் கத்தி. தொகை கட்டியவுடன் 48 மணிக் கெடு தொடங்குகிறது. குடும்பத்தார் வீட்டிற்கு அழைத்துச்செல்ல வந்து நிற்க, அவர் குடிவரவுக் காவலுக்கு மாற்றப்படலாம். அங்கே அரசு செலவில் வழக்கறிஞர் அமர்த்தப்படும் உரிமையும் இல்லை.

மாநில எல்லையும் விடையை மாற்றும். கலிபோர்னியா 2013இலேயே சட்டமியற்றிப் படிவத்தை ஏற்பதைக் கட்டுப்படுத்தியது. டெக்சாஸ் 2017இல் ஏற்பதைக் கட்டாயமாக்கியது. அச்சட்டத்தின் பெரும்பகுதியை ஐந்தாம் வட்ட நீதிமன்றம் 2018இல் நிலைநிறுத்தியது. 2025 ஜனவரியில் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டமொன்று, திருட்டு முதலிய குற்றச்சாட்டுகளுக்கு உள்ளாகும் நுழைவு அனுமதியற்றோர்மீது படிவம் அனுப்புவதைக் கடமையாக்கியது. அக்கடமை அனுப்பும் கூட்டரசுத் துறைக்கு விதிக்கப்பட்டது. பெறும் உள்ளூர்ச் சிறைக்கன்று.