கே. பி. சுந்தராம்பாள்: மேடையிலிருந்து திரைக்கு

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். சிறுமியாக இருந்தபோதே குரல்வளத்தால் கவனிக்கப்பட்டு, வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். முதலில் கிடைத்தவை சிறுவர் வேடங்கள்.

அன்றைய நாடக மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. ஆர்மோனியத்துக்கு ஈடுகொடுத்து, கொட்டகையின் கடைசி வரிசைவரை ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கும்படி நான்கரை, ஐந்து கட்டைச் சுருதியில் பாட வேண்டும். அதுவும் விடிய விடிய. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களில் வசனத்தைவிடப் பாட்டே கதையை நடத்தியது. சுந்தராம்பாளின் உச்சரிப்பும் மூச்சுக்கட்டும் உருவானது இந்தப் பட்டறையில்தான். பின்னாளில் திரையில் அவர் பெற்ற இடத்துக்கு இந்தப் பயிற்சியே அடிப்படை.

1920-களில் நாடகக் கம்பெனிகள் இலங்கைக்கும் அடிக்கடி சென்றுவந்தன. கொழும்பு மேடையில்தான் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் அவர் இணைந்து நடிக்கத் தொடங்கினார். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் கிட்டப்பா முருகன், சுந்தராம்பாள் வள்ளி. இருவரும் போட்டியிட்டுப் பாடுவதைக் கேட்க ஊர் திரண்டது. ஏற்கெனவே மணமானவரான கிட்டப்பாவை அவர் 1927-ல் மணந்தார். கருத்து வேறுபாடுகளும் பிரிவும் நிறைந்த அந்த வாழ்க்கை, 1933 டிசம்பரில் கிட்டப்பா இளவயதிலேயே மறைந்ததோடு முடிந்தது. இருபத்தைந்து வயதில் வெள்ளைப் புடவையும் திருநீறுமாக மாறிய சுந்தராம்பாள், இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

கதாநாயகியாக நடிக்கும் வாய்ப்பையே தானாகக் கைவிட்ட முடிவு அது. ஆனால் திரையுலகம் அவரை விடவில்லை. 1935-ல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடமேற்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது. முழுப் படத்தையே அதைவிடக் குறைந்த செலவில் எடுத்துவிடக்கூடிய காலம் அது. அடுத்த படம் 1940-ல் வந்த ‘மணிமேகலை’, அதில் துறவி வேடம். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் பாடியதும், காந்தியடிகளைப் பற்றிய பாடல்களை இசைத்தட்டுகளில் பதிந்ததும் இதே காலத்தில் நடந்தவை. 1950-களில் அவர் சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார்.

பதின்மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 1953-ல் எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில் ‘ஔவையார்’ படத்தை வெளியிட்டது. தமிழர் மனத்தில் ஔவைக்கு நிலையான முகமும் குரலும் கிடைத்தது இப்படத்தால்தான். பள்ளிப் பாடத்தில் படித்த கிழவிக்கு அதன்பின் வேறு உருவத்தைக் கற்பனை செய்வதே கடினமாகிவிட்டது. ஏ. பி. நாகராஜன் ‘திருவிளையாடல்’ (1965), ‘கந்தன் கருணை’ (1967) ஆகிய படங்களிலும் அவரையே ஔவையாக்கினார். இவற்றுக்கு முன் ‘பூம்புகார்’ (1964) படத்தில் கவுந்தியடிகளாக நடித்தார். காங்கிரஸ்காரரான அவர் நடித்த அந்தப் படத்துக்குக் கதை வசனம் எழுதியவர் தி.மு.க.வைச் சேர்ந்த மு. கருணாநிதி.

பின்னணிப் பாடகர்கள் வந்தபின் நடிப்பும் பாட்டும் வெவ்வேறு ஆட்களின் வேலையாயின. பாடி நடித்த மேடைத் தலைமுறையில் பலர் அந்த மாற்றத்தில் மறைந்தனர். சுந்தராம்பாளுக்கு இரவல் குரல் தரக்கூடியவர் யாருமில்லை. அறுபது வயதை நெருங்கும்போதும் தன் பாட்டைத் தானே பாடினார். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதலில் பெற்றவர் பி. சுசீலா. அடுத்த ஆண்டே, ‘துணைவன்’ (1969) படப் பாடலுக்காக அது சுந்தராம்பாளுக்கு வழங்கப்பட்டது. 1970-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

1973-ல் வெளியான ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமி நடிக்க, பேயுருக் கொண்ட அம்மையாராக சுந்தராம்பாள் தோன்றினார். மேடையேறி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அவர் நடித்த படங்கள் பத்துப் பன்னிரண்டுதான். 1980-ல் அவர் காலமானார்.